மூன்றாவது தடைக்கு முன்னால் நான் கத்திய சொல்

மகன்,

உன் தோள்கட்டை அவிழ்த்துவிட்டதாக நேற்றுப் பின்னேரம் சாச்சி சிலாபத்திலிருந்து போன் எடுத்துச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கையை உயர்த்தி அலுமாரியின் மேல்தட்டைத் தொட்டுக் காட்டினாயாம். காறை எலும்பு நேராகப் பொருந்திவிட்டது, இனிக் குதிரை ஏறலாம் என்று டாக்டர் சொன்னாராம். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முடிப்பதற்குள் சாச்சி அடுத்ததையும் சொன்னார். "ராத்தா, அவன் சனிக்கிழம தனியத்தான் போறானாம். குதிரையக் கொண்டு போகமாட்டானாம். 'அது இனிப் பாயாது, பீச் ஹோட்டலுக்கே சவாரிக்குக் குடுத்திடச் செல்லுங்க' எண்டு செல்றான்." உடனே உனக்குப் போன் எடுத்தேன். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் "சரி உம்மா" என்றாய். நான்கு முறை. ஐந்தாவதாக, "சனிக்கிழம நீங்க வரவேணாம் உம்மா" என்றாய். போனை வைத்துவிட்டேன். பேச்சில் எனக்குக் கைவராததை எழுதிப் பார்க்கிறேன். முழுவதும் படித்துவிட்டு முடிவெடு.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நம் பெயர்களை எடுத்துவிட்டுப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் மைதானக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பிள்ளையைவிட அதிகமாக வியர்த்துக் கத்தும் தாய் தகப்பன்மாரை இருபது வருடமாகப் பார்க்கிறேன். அவர்களில் யாராவது ஒருவர் படித்தால் போதும்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். கச்சானை நீ எப்போதும் "அவ" என்றுதான் சொல்வாய். இப்போது "அது" என்கிறாய். ஆறு வருடத்துக்கு முன்பு, மலைநாட்டுப் பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த குதிரையாக அவள் வாப்பாவின் தேங்காய் லொறியில் வந்து இறங்கிய நாளை நினைத்துப்பார். உனக்குப் பதினேழு வயது. "உம்மா, வறுத்த கச்சான் கொட்டட தோல் மாதிரி நிறம்" என்று நீதான் பெயர் வைத்தாய். கடலையையும் கச்சான் என்கிறோம், ஆனியிலிருந்து புரட்டாசிவரை நம்மை அறையும் தென்மேல் காற்றையும் கச்சான் என்கிறோம். இரண்டில் எதற்கு இந்தப் பெயர் என்று வாப்பா கேட்டபோது, "ஓடுறப்போ பார்த்துட்டுச் செல்றன்" என்றாய். பந்தயத்தில் பழகியவள் நேராக ஓடத்தான் அறிந்திருந்தாள். அவளைப் பாயப் பழக்கியது நாம் இருவரும். அதனால் அவள் இப்போது பாயவில்லை என்றால், அந்தக் குற்றத்தை அவள் முதுகில் ஏற்றி ஹோட்டலுக்கு அனுப்ப உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

நாம் எங்கே பழக்கினோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கரைத்தீவுக்கு இந்தப் பக்கம் கைவிடப்பட்டுக் கிடந்த அந்த இறால் குளம். தண்ணீர் வற்றி இறுகிய தரை, நாலு பக்கமும் வரம்பு. இறால் பண்ணைக்காரர்கள் விட்டுப்போன பிளாஸ்டிக் பைப்புகள் நமக்குப் பாயும் கம்பங்கள், நீல பீப்பாய்கள் அவற்றைத் தாங்கும் கால்கள். நல்ல இடம் என்று நான் பெருமைப்பட்டேன். ஆனால் காற்று அடித்தால் உப்பும் மணலும் குதிரையின் கண்ணிலும் உன் கண்ணிலும் விழுந்தது. அதனால் இந்தக் கரையில் எல்லாரும் செய்வதை நாமும் செய்தோம். காற்றுக்கு முதுகைக் காட்டினோம். எப்போதும் தென்மேல் மூலையிலிருந்து காற்றோடு வந்து பாய்வோம். வலது பக்கம் மதகுச் சேறு என்பதால் பாய்ந்ததும் இடது பக்கமே திரும்புவோம். ஆறு வருடம். நீ அவளை ஓட்டினாய், காற்று உங்கள் இருவரையும் ஓட்டியது. அவள் தன் பின்னங்கால்களால் உடம்பைத் தாங்குகிறாளா, காற்றில் சாய்ந்து முன்னங்கால்களில் விழுந்து விழுந்து போகிறாளா என்று பார்க்க நமக்குத் தோன்றவே இல்லை. வேகத்தைப் பார்த்து, அதைத்தான் பலம் என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு கொழும்புப் பக்கத்துப் பயிற்சித் திடல். நாலு பக்கமும் மரம், ஓர் இலைகூட அசையாத காலை. உன்னைப் பயிற்றுநராக எடுப்பதற்கும் கச்சானைப் பிள்ளைகளுக்குப் பாயப் பழக்கும் குதிரையாக எடுப்பதற்கும் ஒரே சோதனை, ஏழு தடைகள். முதல் இரண்டும் நேர்கோட்டில் இருந்தன, அவளுடைய வேகத்திலேயே தாண்டிவிட்டாள். மூன்றாவதற்கு வலது பக்கம் திரும்பவேண்டும். நான் அந்தத் தடைக்குப் பக்கத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று போனில் வீடியோ எடுத்தார். திருப்பத்தில் அவள் சறுக்கினாள், பிறகு தடையை நோக்கி விரைந்தாள், முன்னங்கால்கள் இரண்டும் கம்பத்தில் இடித்தன. அவள் முழங்காலில் விழுந்தாள். நீ அவள் தலைக்கு மேலால் போய் விழுந்தாய். திடலுக்குப் பொறுப்பான மிஸ் ஓடிவந்து முதலில் உன்னைப் பார்த்தார், பிறகு குதிரையின் கால்களைத் தடவிப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "இந்தக் குதிரை தன்னைத் தானே சுமக்கத் தெரியாமல் பாய்கிறது. பிள்ளைகளை இதில் ஏற்ற முடியாது. இரண்டு மாதம் தருகிறேன். மாறினால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் மகனை மட்டும் அனுப்புங்கள்" என்றார். அந்த இரண்டு மாதம் வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது.

உன்னைச் சாச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்த பிறகு அந்த வீடியோவை நான் முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். விலங்கியல் படித்தவள் அல்லவா, கால்களைப் பார்த்தேன். கேண்டர் என்பது மூன்று தட்டு ஓட்டம் என்று உனக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒரு பின்னங்கால், பிறகு குறுக்காக ஒரு பின்னும் ஒரு முன்னும் சேர்ந்து, கடைசியாக வழிகாட்டும் முன்னங்கால், அதற்குப் பிறகு ஒரு நொடி நாலும் நிலத்தில் இல்லை. இவ்வளவும் சேர்ந்தது ஒரு வீச்சு. வலது பக்கம் திரும்பும்போது வலது முன்னங்கால் வழிகாட்ட வேண்டும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். திருப்பம் முழுவதும் அவள் இடது காலையே நீட்டிக்கொண்டு வந்தாள். இடது கைப்பழக்கக்காரனை வலது கையால் எழுது என்று பரீட்சை மண்டபத்தில் வைத்துச் சொன்னதுபோல. சரி, பிழை பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்தி. கொப்பியில் எழுதியும் வைத்தேன்.

வாப்பா பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சத்தத்தப் போட்டுப் பாரேன்" என்றார்.

"எதுக்கு? காத்துச் சத்தம்தான் கேட்கும்."

"அங்க ஏது காத்து? போடு."

போட்டேன். திருப்பம் முடிந்து அவள் நேராகும் இடத்தில், போனுக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள். "உடு!" கச்சானின் காதுகள் பின்னால் சாய்ந்தன. "உடு!" அவள் முதுகு தட்டையாகி நீண்டது. "உடு!" உன் குதிகால்கள் அவள் விலாவில் இறங்கின. பிறகு கம்பம் விழுந்த சத்தம். அதற்குப் பிறகு அதே பெண் உன் பெயரைச் சொல்லி அலறினாள். அது என் குரல் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

"நான் கையத்தானே உடச் சொன்னேன்" என்றேன்.

வாப்பா பாண் துண்டால் கோப்பையைத் துடைத்தார். "நீ செல்றது கைய. அவனுக்குக் கேட்கிறது வண்டிய. பஸ்ஸுக்குப் பின்னால தட்டி 'உடு' எண்டா, டிரைவர் ஸ்டியரிங்க உடுவானா, பஸ்ஸ உடுவானா?"

"அப்ப ஆறு வருஷமா ஏன் செல்லல்ல?"

"நீ படிச்ச மனுசி. குதிரைக்கு அப்படித்தானாக்கும் எண்டு இருந்துட்டன்."

இந்தச் சொல் எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? முதல் வருடம், சின்னத் தடை ஒன்றின் உச்சியில் நீ பயந்து கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தாய். இரும்பு அவள் வாயில் வெட்டி உதட்டில் இரத்தம் வந்தது. ஒரு மாதம் அவள் எந்தக் கம்பத்துக்கும் கிட்ட வரவில்லை. அப்போது நான் சொல்லித் தந்தேன்: அவள் முன்னங்கால்கள் நிலத்தைவிட்டு எழும்பும் அந்த நொடியில், உன் கைகளை அவள் கழுத்தோடு முன்னால் போகவிடு, அவளுக்குத் தலையை நீட்ட இடம் கொடு. அவ்வளவு நீளமான வசனத்தை அந்தக் காற்றில் கத்த முடியாது. கடைசிச் சொல் மட்டும் மிஞ்சியது. விடு. வாய்க்கு வந்தபடி, உடு. அதுவும் பரவாயில்லை. ஆனால் நீ மறந்துவிடுவாயோ என்ற பயத்தில் நான் அதை அவள் எழும்பும் நொடிக்குக் கொஞ்சம் முன்பே சொல்லத் தொடங்கினேன். பிறகு இன்னும் கொஞ்சம் முன்பு. கடைசியில் தடைக்கு மூன்று வீச்சு முன்பே, மூன்று தடவை. அந்த இடத்தில் கையை விடுவதற்கு என்ன இருக்கிறது? நீ உனக்கு விளங்கியபடி வண்டியை விட்டாய். நீ என் சொல்லைத் தட்டாத பிள்ளை.

எனக்கு இது புதிய பழக்கம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் எடு என்று நான் சொன்னபோது நீ சாதாரண தரமே எழுதியிருக்கவில்லை. மூன்று வீச்சு அல்ல, மூன்று வருடம் முன்பே கத்தியிருக்கிறேன். இரசாயனவியல் வினாத்தாளில் பாதியை எழுதாமல் நீ மண்டபத்தைவிட்டு வெளியே வந்த நாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த தடவைக்கு எந்த டியூஷன் வகுப்பு நல்லது என்று வீடு வரும்வரை பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ அப்போதும் "சரி உம்மா" என்றுதான் சொன்னாய். உன் வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வந்தால், நீ அங்கே இல்லை என்று அர்த்தம். அது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது, உனக்கு இருபத்து மூன்று வயதான பிறகு.

வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு நேரமில்லை. இரண்டு மாதம்தான் இருந்தது, உனக்கு எலும்பு முறிந்திருந்தது. அதனால் அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு நான் கச்சானுக்குச் சேணம் போட்டேன். ஓம், நான்தான். உன் தங்கச்சியை வயிற்றைக் கீறி எடுத்தபோது குதிரை வேண்டாம் என்று டாக்டர் சொன்னது ஆறு மாதத்துக்கு. அதைப் பதினொரு வருடமாக நீட்டியது நான். பந்தயக் குதிரைகளுக்கு இடையில் வளர்ந்த பெண், வரம்பில் நின்று கத்தும் பெண்ணாக மாறினேன். கீழே நிற்பவளுக்கு எல்லாம் தெரியும், எதுவும் வலிக்காது. அங்கவடியில் கால் வைத்து ஏறுவதற்கே மூன்று தடவை முயன்றேன். வாப்பா கைகொடுக்க வந்தார், வேண்டாம் என்றேன்.

அன்று தரையில் ஒரே ஒரு பைப்பைப் போட்டு, அதன் மேலால் கேண்டரில் போனேன். குளத்தில் வேறு ஒருவரும் இல்லை, யாரும் கத்தவில்லை. மூன்று வீச்சு இருக்கும்போது அவள் தானாகவே விரைந்தாள். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாப்பாவை வரம்பில் நிற்கச் சொல்லி, நான் சும்மா நடையில் போகும்போது அந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். கச்சான் காதைச் சாய்த்து, முதுகைத் தாழ்த்தி, நடையிலிருந்து ஒரே எடுப்பில் ஓட்டத்துக்குப் போய்விட்டாள். நான் பிடரி மயிரில் தொங்கிக்கொண்டு மதகுவரை போனேன். வாப்பா சிரித்த சிரிப்புக் காற்றையும் தாண்டிக் கேட்டது. "குதிரைக்குத் தமிழ் வெளங்குது மனுசி!" ஆகவே மகன், நீ மட்டுமல்ல, அவளும் என் சொல்லைத்தான் கேட்டிருக்கிறாள். உங்கள் இருவரையும் அந்தத் தடையில் கொண்டுபோய் மோதவிட்டது நான்.

அன்றிலிருந்து இன்றுவரை அவள் ஓட்டத்தை அடியிலிருந்து கட்டியிருக்கிறேன். என்ன செய்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வியாழக்கிழமை இங்கே வந்து நீ ஏறப்போவது நீ விட்டுப்போன குதிரை அல்ல. முதல் பத்து நாளும் ஒரு கம்பத்தையும் தொடவில்லை. பெரிய வட்டம் மட்டும். பத்து வீச்சுக் கேண்டர், அவள் முன்னால் சரியத் தொடங்குவதற்கு முன்பே ட்ரொட் நடைக்கு இறக்கம், மூச்சு வாங்க விட்டு மறுபடி பத்து வீச்சு. இப்படி ஏறி இறங்கும்போதுதான் பின்னங்கால்கள் உடம்புக்குக் கீழே வந்து வேலை செய்யும். அதைக் காலையில் மட்டும் செய்யவில்லை. பாடசாலை விட்டு வந்து அஸருக்குப் பிறகு, காற்று உச்சத்தில் இருக்கும் நேரத்திலும் செய்தேன். வட்டம் என்றால் காற்று நாலு பக்கத்தாலும் வரும். எதிரே வரும்போது அவள் உண்மையிலேயே உழைக்கவேண்டும், சாய்வதற்கு ஒன்றும் இல்லை. பின்னால் வரும்போது பழைய ஆசை வந்து விரைவாள். அங்கேதான் நான் என் உடம்பைப் பழக்கினேன். கடிவாளத்தை இழுக்காமல், நிமிர்ந்து, மூச்சை உள்ளே எடுத்து, ஒரு தட்டுக்கு விரல்களை மூடி அடுத்த தட்டில் திறப்பது. "நில்" என்று சொல்வதில் பாதி. நூறு தடவை அவள் கேட்கவில்லை. நூற்றோராவது தடவை ஒரு காதைத் திருப்பிக் கேட்டாள்.

வலது பக்கம்தான் பெரிய பாடு. மதகுச் சேற்றை மண் போட்டு நிரப்பாமல் ஆறு வருடம் சாக்குச் சொன்னோமே, வாப்பா அதை அரை நாளில் லொறி மண்ணால் நிரப்பினார். முதல் நாட்களில் வலது கேண்டர் கேட்டால் இடது காலை நீட்டுவாள். உடனே ட்ரொட்டுக்கு இறக்கி, சின்ன வளைவில் மறுபடி கேட்பேன். அடிக்கவில்லை, கத்தவில்லை. ஒருநாள் அவள் கால் குழம்பிச் சறுக்கியதில் நான் புதிய மண்ணில் போய் விழுந்தேன். மறுநாள் வகுப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோணி நடந்தேன். "என்ன டீச்சர், நாரியில பிடிச்சிட்டா?" என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். "ஓம், வயசு" என்றேன். மூன்றாவது கிழமையில் ஒரு பின்னேரம், ஒரு முழு வட்டம் வலது காலில், காற்றின் எதிரிலும் காற்றோடும் ஒரே தாளத்தில் போனாள். நான் வாய்க்குள் ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை ஓரிடத்திலும் தடுமாறவில்லை. இறங்கி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அழவில்லை. ஒரு கரட்டைப் பாதியாக உடைத்து இருவரும் தின்றோம்.

அதற்குப் பிறகுதான் கம்பங்கள். தரையில் இரண்டு பைப்புகளை ஐந்து வீச்சு விழும் தூரத்தில் வைத்தேன். ஐந்தில் போனோம். பிறகு அதே தூரத்தை, வீச்சைச் சுருக்கி ஆறில். மறுபடி ஐந்தில். ஆறில் அமைதியாகப் போகத் தெரியும்வரை நாலில் ஒருநாளும் விடவில்லை. சுருக்கத் தெரிந்த குதிரைக்குத்தான் நீட்டுவதற்கு ஏதாவது மிஞ்சும். பிறகு பைப்புகளைக் கத்தரிபோலக் குறுக்காகச் சாய்த்து ஒரு முழ உயரம், பாய்ந்ததும் நேராக வரம்புவரை போய் நிற்பது. பிறகு இரண்டு முழம். போன கிழமை, நீ விழுந்த தடையின் உயரம்.

அந்தச் சொல்லையும் விட்டுவைக்கவில்லை. வாப்பா ஒவ்வொரு பின்னேரமும் வரம்பில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தேநீரைக் குடித்துக்கொண்டு, நான் ஒவ்வொரு சுற்று வரும்போதும் "உடு" என்று சொல்வார். சத்தமாக, மெதுவாக, தும்மிக்கொண்டு. நான் ஒன்றும் செய்யமாட்டேன், அதே தாளத்தில் போவேன். பள்ளிவாசல்துறைக்கு மோட்டார் சைக்கிளில் வலை கொண்டுபோகிற ஒருவர் தினமும் இதைப் பார்த்துக்கொண்டு போனார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் நிறுத்திவிட்டார்.

"என்ன நானா, நானும் ஒரு மாசமாப் பார்க்கிறன். டீச்சர எங்க உடச் செல்றீங்க?"

"கொழும்புக்கு."

"இந்த வேகத்திலயா? பெருநாளைக்குப் போய்ச் சேருவாங்க!"

"அவசரமில்ல தம்பி. போனமுற அவசரமாப் போய்த்தான் மகன்ட எலும்பு முறிஞ்சது."

இப்போது அந்தச் சொல்லுக்குக் கச்சான் ஒரு காதை மட்டும் திருப்புகிறாள். கால்கள் மாறுவதில்லை.

இதையெல்லாம் உனக்கு முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முடியாமல் போய்விடுமோ என்ற பயம் ஒன்று. சொல்லியிருந்தால் நீ "சரி உம்மா" என்றிருப்பாய் என்பது மற்றது.

இனி நீ செய்யவேண்டியது. வியாழக்கிழமை வீட்டுக்கு வா. வரும்போது சிலாபத்தில் இரண்டு கிலோ கரட் வாங்கு. வியாழன் பின்னேரமும் வெள்ளி காலையும் அவளைக் குளத்தில் ஓட்டு. நான் வரம்புக்கு வரமாட்டேன், வீட்டில் தவணைப் பரீட்சைத் தாள் திருத்துவேன். அவள் மெதுவாக இருப்பதுபோல உனக்குத் தோன்றும், உன் குதிகால் துடிக்கும். பொறு. வாப்பாவின் லொறி முழுப் பாரத்தோடு இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறுவதைப் பார்த்திருக்கிறாயே, மெதுவாகத் தெரியும், ஆனால் எந்த இடத்திலும் நிற்காது. அவள் இப்போது அப்படித்தான் வருகிறாள். பழைய இடத்தைவிடத் தடைக்குச் சற்றுக் கிட்ட வந்துதான் எழும்புவாள். அவள் எழும்புவதற்கு முன்பே நீ குனிந்துவிடாதே. நீ முன்னால் சாய்ந்தால் உன் பாரம் முழுவதும் அவள் தூக்கவேண்டிய தோளில் விழும். அவள் எழும்பட்டும், அவள் கழுத்து உன்னை நோக்கி வரும், அப்போது கைகள் தாமாகவே முன்னால் போகும். ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்பது அவள் மேல் இருந்து பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

சனிக்கிழமை, இரண்டாவது தடையில் இறங்கியதும் இரண்டு வீச்சு நேராகப் போ. உடனே வளைக்காதே. வெளிப்பக்கத்து இடது கடிவாளத்தையும் இடது காலையும் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் மூன்றாவதைத் தேடவிடு. எந்தக் கால் வழிகாட்டுகிறது என்று உன் இடுப்புக்குத் தெரியும். இடதாக இருந்தால் வெட்கப்படாமல் ட்ரொட்டுக்கு இறக்கி வலதை எடு. பார்ப்பவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். பிறகு மூன்று தட்டை எண்ணு, தடையை எண்ணாதே.

வியாழனும் வெள்ளியும் ஓட்டிப்பார்த்த பிறகும் இவள் பாயமாட்டாள் என்று உனக்குத் தோன்றினால், ஹோட்டல்காரருக்கு நானே போன் எடுக்கிறேன். உன்னோடு வாதாடமாட்டேன். ஆனால் ஏறிப்பார்க்காமல் அவளை விட்டுப்போக உன்னை விடமாட்டேன். அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தத் தடையில் உன்னைத் தள்ளியது உன் குதிரை என்று நம்பிக்கொண்டு நீ வேறு குதிரையில் ஏறினால், ஒவ்வொரு திருப்பத்திலும் உன் உடம்பு இறுகும், அந்தக் குதிரைக்கும் அது கேட்கும்.

நீ வரவேண்டாம் என்றாய். நான் வருவேன், மகன். லொறியின் முன் இருக்கையில் வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து வந்து, மூன்றாவது தடைக்குப் பக்கத்தில், போனமுறை நின்ற அதே வேலியோரம் நிற்பேன். துப்பட்டாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாவது வாயை மூடிக்கொண்டிருப்பேன். திருப்பம் முடிந்து நீ நேராகும்போது உன் காதில் "உடு" என்று கேட்டால், அது நான் அல்ல. ஆறு வருடமாக உனக்குள் தங்கிவிட்ட சத்தம் அது. கச்சானுக்கும் கேட்கலாம். அவள் ஒரு காதைத் திருப்புவாள், ஓட்டத்தை மாற்றமாட்டாள். அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு, நீயும் மாற்றாதே.

உம்மா